அறுநூற்றைம்பது வாட்

ஏப்ரல் 6, சனி

கம்ப்யூட்டர் கேபினட் வந்துவிட்டது. இனி பாக்கி பவர் சப்ளை ஒன்றுதான்.

சின்ன அறையில் பாயை விரித்து, பெட்டிகளை வாங்கிய வரிசைப்படி அடுக்கினோம். மதர்போர்டு, புராசஸர், மெமரி, என் வீட்டுக்காரன் ஜுன்ரே போனஸில் வாங்கிய கிராபிக்ஸ் கார்டு. எட்டு மாதம் ஆகியிருக்கிறது. கேபினட்டோடு இலவசமாக ஒரு பவர் சப்ளை கொடுத்தார்கள். கையில் எடுத்தால் காலி டப்பா மாதிரி இருக்கிறது. மேலே 700 வாட் என்று பெரிதாக அச்சடித்திருக்கிறார்கள். ஜுன்ரே அதைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தான். "உள்ள ஆள் இல்ல" என்றான். சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் வந்துவிட்டது.

ஒரு தாளில் நான் கூட்டிப் பார்த்தேன். கார்டு 200, புராசஸர் 120, மற்றதெல்லாம் சேர்த்து 60. மொத்தம் 380. விளையாட்டு சூடு பிடிக்கும்போது கார்டு ஒரு நொடிக்கும் குறைவான நேரம் இரண்டு மடங்கு கேட்கும். அதற்கும் இடம் விட்டால் 650 வாட். அச்சடித்த வாட் இல்லை, நிஜ வாட்.

அவன் ஆகஸ்டிலிருந்தே 850 என்று பிடிவாதம் பிடிக்கிறான். "ரெண்டு வருஷத்துல பெரிய கார்டு வாங்குவோம். அப்ப மறுபடியும் எல்லாத்தையும் கழட்டுவியா?" என்பான். இன்று நான் 650 என்று சொன்னபோது ஒன்றும் சொல்லவில்லை. ஜெயித்துவிட்டேன் போலிருக்கிறது.

ஏப்ரல் 7, ஞாயிறு

வெயில். சர்ச்சில் பூசைக்குப் போகவில்லை. இருவரும் தரையில் ஈரத்துணி விரித்துப் படுத்திருந்தோம்.

ஏப்ரல் 13, சனி

கோலோன் தெருவுக்கு ஜீப்னி வண்டியில் போனோம். மோண்டோ அண்ணன் கடையில் கூட்டம். வழுக்கைத் தலை, வாய் ஓயாத மனிதர். எல்லோரும் அண்ணன் என்ற அர்த்தத்தில் 'நோங் மோண்டோ' என்றுதான் கூப்பிடுவோம்.

"வாங்க சார், வாங்க மேடம்! கல்யாணத்துக்கு நகை எடுக்கிற மாதிரி எட்டு மாசமா வர்றீங்க. இன்னைக்காவது மோதிரம் மாத்துவீங்களா?"

மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார். 550, 650, 850. என் தாளை அவரிடம் நீட்டினேன். அதை வாங்கிப் பார்த்துவிட்டு ஜுன்ரேயிடம் கேட்டார்: "சார் என்ன சொல்றீங்க?"

கூட்டல் போட்டது நான். கேள்வி அவனுக்கு. பழகிப்போன விஷயம்தான்.

"ஐநூத்தம்பது போதும், நோங்."

நான் திரும்பிப் பார்த்தேன். "என்ன போதும்?"

"இந்தக் கார்டுக்கு அது தாங்கும்."

"பெரிய கார்டு வாங்கணும்னு சொன்னியே?"

"வேற கார்டு எதுக்கு, டெல்? இதுவே நல்லா ஓடும்."

"நல்லா ஓடும். ஆனா மூச்சு முட்ட ஓடும். இந்த வெயில்ல?"

அவன் பெட்டியைப் பார்க்கவில்லை. கடைக்கு வெளியே போகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். மோண்டோ அண்ணன் மூன்று பெட்டிகளையும் திரும்ப அலமாரியில் வைத்தார். "சண்டை முடிஞ்சதும் வாங்க. பவர் சப்ளை எங்கயும் ஓடிப் போயிடாது."

வாங்காமல் வந்தோம். வழியில் அவன் எனக்குக் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தான். தனக்கு வேண்டாம் என்றான்.

ஏன் 550? எட்டு மாதம் 850 என்றவன், 650 கூட வேண்டாம் என்கிறானே.

ஏப்ரல் 14, ஞாயிறு

அற்ப விஷயம். நூறு வாட்டுக்கு ஒரு ராத்திரி முழுக்கத் தூங்காமல் கிடந்தேன் என்றால் யாராவது நம்புவார்களா?

எழுதிப் பார்த்தால் புரியும் என்று உட்கார்ந்திருக்கிறேன். போன வருடம் மார்ச் 19. ஏழாம் மாதம். பெண் குழந்தை. சின்ன அறைக்கு வெளிர்பச்சை அடித்து பெயிண்ட் வாசனைகூடப் போகவில்லை. அதன்பிறகு அந்தக் கதவை யாரும் திறக்கவில்லை. ஐந்து மாதம். பெருக்கக்கூட நான் உள்ளே போகவில்லை.

ஆகஸ்டில் ஒருநாள் ஜுன்ரே சாப்பிட்டுக்கொண்டே கேட்டான்: "டெல், நாம ஒரு கம்ப்யூட்டர் கட்டலாமா? விளையாடுறதுக்கு. முன்ன மாதிரி." நாங்கள் பழகியதே ஒரு பெசோ காசு போட்டு கம்ப்யூட்டரில் விளையாடும் கடையில்தான். அவன் கேடயத்தோடு முன்னால் போவான். நான் பின்னால் நின்று அவன் காயத்தை ஆற்றுவேன். "எங்க வைக்கிறது?" என்று கேட்டேன். அவன் அந்தக் கதவைப் பார்த்தான். அன்று இருவரும் சேர்ந்து கதவைத் திறந்தோம்.

அதனால் எனக்கு இது வெறும் கம்ப்யூட்டர் இல்லை. 850 என்று அவன் பிடிவாதம் பிடித்தபோதெல்லாம் நான் சண்டை போட்டேனே தவிர, உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. இரண்டு வருடம், நாலு வருடம் என்று அவன் பேசுவதைக் கேட்க.

இன்று காலை கேட்டேன், ஏன் 550 என்று. "சும்மா சொன்னேன்" என்றான்.

ஏப்ரல் 18, வியாழன்

மத்தியானம் மூன்று மணிநேரம் கரண்ட் இல்லை. நான் வேலை பார்க்கிற ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஜெனரேட்டர் போட்டார்கள். சீக்கிரம் வீட்டுக்கு வந்தேன். ஜுன்ரேயும் வந்திருந்தான். பால்கனியில் போனில் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தான், ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி. என்னைப் பார்த்ததும் வைத்துவிட்டான். அவன் வேலை பார்க்கிற ஏசி கம்பெனிக்காரர்கள் என்றான்.

நம்பினேன்.

ஏப்ரல் 22, திங்கள்

வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. எழுதுகிறேன்.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் தெரெசிட்டா வந்தாள். முன்பு எங்கள் கூடத்தில் ரத்தம் எடுத்தவள், இப்போது வெளிநாடு போகிறவர்களைப் பரிசோதிக்கும் கிளினிக்கில் வேலை பார்க்கிறாள். என் தோளைக் கட்டிக்கொண்டாள். "உன் வீட்டுக்காரருக்கு எக்ஸ்ரே க்ளீனா வந்திருக்கு, டெல். கவலைப்படாத. கனடாக்காரங்க அதைத்தான் பார்ப்பாங்க. எங்ககிட்ட வந்திருந்தாரே, நீ ஏன் ஒரு வார்த்தை சொல்லல? வரிசையில நிக்க விடாம கூட்டிட்டுப் போயிருப்பேனே!"

"மறந்துட்டேன்" என்றேன்.

சோற்றுப் பொட்டலத்தை மூடி வைத்தேன். பிறகு பத்தொன்பது பேருக்கு ரத்தம் எடுத்தேன். ஒருவருக்கும் வலிக்கவில்லை.

பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிற பெண்டாட்டிக்குத் தெரியக்கூடாது என்று வேறு கிளினிக்கைத் தேடிப் போயிருக்கிறான்.

ஏப்ரல் 23, செவ்வாய்

கேட்டுவிட்டேன்.

"கனடாவா?"

அவன் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான். பாதியில் நின்றுவிட்டான். "யார் சொன்னது?"

"உன் நுரையீரல் சொல்லுச்சு. க்ளீனா இருக்காம்."

"சொல்லணும்னுதான் இருந்தேன், டெல்."

"எப்ப? ப்ளேன் ஏறினப்புறமா?"

வின்னிபெக். ஏசி மெக்கானிக் வேலை. பனி கொட்டுகிற ஊரில் ஏசி மெக்கானிக் எதற்கு என்று கேட்கவந்தேன். கேட்கவில்லை. ஜூன் பதினொன்றாம் தேதி டிக்கெட். விண்ணப்பம் போட்டது பிப்ரவரியில். பிப்ரவரியில் நாங்கள் மெமரி வாங்கினோம்! கடையில் என் இடுப்பைக் கிள்ளினான் அன்று.

"என்னைக் கூப்பிட்டுக்குவியா?"

கழற்றிய சட்டையை மடிக்க ஆரம்பித்தான்.

"ஜுன்ரே. கேக்கிறேன் இல்ல? என்னைக் கூப்பிட்டுக்குவியா, மாட்டியா?"

கட்டிலில் உட்கார்ந்து தரையைப் பார்த்துச் சொன்னான்: "உன்மேல ஒரு தப்பும் இல்ல. உன் முகத்தைப் பார்த்தாலே அந்த ஆஸ்பத்திரி வராண்டா வந்துடுது. காலையில எழுந்ததும் முதல்ல அதுதான். அந்த ரூம்ல உக்காந்து பொட்டி பொட்டியா அடுக்கினா சரியாயிடும்னு நெனச்சேன். சரியாகல, டெல். நானும் எட்டு மாசம் பார்த்தேன்."

என் முகம்.

என் முகத்தை நான் எங்கே கொண்டு போய் வைப்பேன்?

எனக்கும்தானே குழந்தை செத்தது. நான் அவன் முகத்தைப் பார்த்துத்தானே எழுந்தேன் இத்தனை நாளும்.

ஏப்ரல் 24, புதன்

வேலைக்குப் போனேன்.

மே 5, ஞாயிறு

அம்மா கருவாடும் மாம்பழமும் எடுத்துக்கொண்டு வந்தாள். விஷயம் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. மாமியார் போஹோல் தீவிலிருந்து எல்லோருக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். எதிர்வீட்டு அக்கா, நாங் பேசிங், என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "கொடுத்து வச்சவடி நீ!" அவள்தான் இந்த வீட்டுக்கும் சொந்தக்காரி.

அம்மாவிடம் மட்டும் சொல்ல முயன்றேன். "அவன் திரும்பி வரமாட்டாம்மா."

"பைத்தியம் மாதிரி பேசாத. உங்கப்பாவும் கப்பலுக்குப் போனாரு. திரும்பி வரலையா?"

"அப்பா உன்னை விட்டுட்டுப் போகல. வேலைக்குப் போனாரு."

"ரெண்டும் ஒண்ணுதான், டெல். ஆம்பளைங்க சொல்லத் தெரியாம சொல்லுவாங்க. கல்யாணம் ஆனது ஆனதுதான். எங்க போனாலும் உன் புருஷன்தான்."

அம்மா மாம்பழத்தை வெட்டித் தட்டில் வைத்தாள். எங்கள் நாட்டில் விவாகரத்து கிடையாது. பிரிகிறவர்கள் கோர்ட்டுக்குப் போவதில்லை. விமானநிலையத்துக்குப் போகிறார்கள். வழியனுப்ப ஊரே வருகிறது. புகைப்படம் எடுத்துக்கொள்கிறார்கள். விட்டுப்போகிறவனுக்கு மாலை போடாத குறை.

மே 20, திங்கள்

ஒரே வீட்டில் இரண்டு வாடகைக்காரர்கள் மாதிரி நடமாடுகிறோம். குளியலறைக் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வருகிறான். ஆறு வருடத்தில் ஒருநாளும் தட்டியதில்லை.

ஜூன் 1, சனி

மாலையில் ஒரு கனமான பெட்டியோடு வந்தான். 850 வாட். 'கோல்டு' தரச்சான்று, கேபிள்களை வேண்டியபடி கழற்றிக்கொள்ளலாம், பத்து வருட உத்தரவாதம். கடையிலேயே விலை அதிகமானது.

"போறதுக்கு முன்னாடி முடிச்சுக் குடுத்துடறேன். நாளைக்கு ரெண்டு பேரும் சேர்ந்து மாட்டிடலாம். ஒரு மணி நேர வேலை."

பெட்டியில் பத்து வருட உத்தரவாதம் என்று போட்டிருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் எனக்கு வந்ததே கோபம்!

"எனக்கு எத்தனை வாட் வேணும்னு கேட்டியா?"

"நல்லதா இருக்கட்டுமேன்னு..."

"நாம வாங்கறப்ப 550 போதும்னு சொன்ன. இப்ப நீ போறப்ப எனக்கு 850-ஆ? நீ என்ன எனக்கு நஷ்டஈடு குடுக்கிறியா?"

"டெல், கத்தாத. பக்கத்துல கேக்கும்."

"கேக்கட்டும்! நீ முடிச்சுக் குடுத்துட்டு நிம்மதியா போகணும், அதான? ஒரு வேலையை அரைகுறையா விட்டோம்கிற எண்ணம்கூட இருக்கக்கூடாது உனக்கு. மாட்டாத. அரைகுறையாவே விட்டுட்டுப் போ."

அழுதான். குழந்தைக்கு அழுததற்கப்புறம் இப்போதுதான் அவன் அழுது பார்க்கிறேன். கிட்டப் போய்த் தலையைத் தொடவேண்டும் போல இருந்தது. போகவில்லை. போயிருக்கலாமோ?

ஜூன் 8, சனி

வழியனுப்பு விருந்து. பன்றி வறுவல், பான்சிட் நூடுல்ஸ், இரண்டு பெட்டி பீர். பான்சிட் நான்தான் செய்தேன். நாற்பது பேருக்கு. வாடகைக்கு எடுத்த கரோக்கி பெட்டியில் அவன் சித்தப்பா பாடிக்கொண்டே இருந்தார்.

என்னையும் அவனையும் சேர்ந்து நிற்கச் சொன்னார்கள். அவன் என் தோளில் கை போட்டான். படத்தில் நான் சிரிக்கிறேன். பார்க்கிறவர்கள் யாரும் கண்டுபிடிக்க முடியாது.

"பான்சிட் பிரமாதம்" என்று மாமியார் சொன்னாள். "அங்க போய் அவனுக்கு யார் செஞ்சு போடுவா?"

ஜூன் 11, செவ்வாய்

மக்தான் விமானநிலையம். மாமியார் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு வரவில்லை. தைரியசாலி என்றார்கள்.

கடைசியில் அவன் என் காதருகில் வந்து, "பாத்துக்க, பங்கா" என்றான். கண்ணே என்று அர்த்தம். கல்யாணமான புதிதில் அப்படித்தான் கூப்பிடுவான். ஒரு வருடமாகக் கூப்பிடவில்லை. எதற்கு அதை இன்றைக்கு எடுத்தான்? போகிறவன் பேசாமல் போகவேண்டியதுதானே.

திரும்பும்போது வேனில் அவன் இடத்தில், வழிக்குக் கொண்டுபோன பான்சிட் பாத்திரத்தை வைத்துக்கொண்டு வந்தார்கள்.

ஜூன் 15, சனி

850-ஐ எடுத்துக்கொண்டு மோண்டோ அண்ணன் கடைக்குத் தனியாகப் போனேன்.

"சீல்கூட உடைக்கலையே மேடம்? ரிப்பேரா?"

"இல்ல, நோங். எனக்குப் பெருசு."

"பெருசுன்னு யாராவது திருப்பிக் குடுப்பாங்களா? கொடுத்ததை வச்சுக்கங்க. எங்க சார்? வெளிய நிக்கிறாரா?"

"கனடா போயிட்டாரு. செவ்வாய்க்கிழமை."

வாயைத் திறந்தார். வாழ்த்துத்தான் சொல்ல வந்தார், தெரியும். என் முகத்தில் எதைப் பார்த்தாரோ, மூடிக்கொண்டார். ஓயாத வாய். பில் புத்தகத்தைத் தேடுகிற மாதிரி கொஞ்ச நேரம் குனிந்திருந்தார். அப்புறம் நிமிர்ந்து கேட்டார்: "உங்களுக்கு எத்தனை வாட் வேணும், மேடம்?"

"அறுநூத்தம்பது."

"அந்தக் கார்டோடதானே?"

"கார்டு இருக்கு. விட்டுட்டுப் போயிருக்காரு. மொத்தம் 380. கார்டு திடீர்னு இழுத்தாலும் தாங்கும், வெயில்லயும் திணறாது. ஜாஸ்தியும் வேணாம், கம்மியும் வேணாம்."

"சரியான கணக்கு" என்றார். ஏப்ரலிலும் இதே கணக்குதான், நோங். நான் சொல்லவில்லை. அலமாரியிலிருந்து எடுத்து, எடை தெரியட்டும் என்று என் கையிலேயே கொடுத்தார். மிச்சத் தொகைக்கு ஒரு ஸ்டெபிலைசரை எடுத்துக்கொண்டேன். கரண்ட் போய்ப் போய் வருகிறதே.

ஜீப்னியில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கனமாக இருந்தது. பக்கத்தில் இருந்த ஒரு பெண் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

ஜூன் 16, ஞாயிறு

பிரிக்கவில்லை.

ஜூன் 23, ஞாயிறு

காலை ஒன்பதுக்குத் தொடங்கினேன். பவர் சப்ளையைக் கீழே பொருத்தி, விசிறி அடிப்பக்கம் பார்க்கிற மாதிரி நான்கு திருகு. மதர்போர்டு. கார்டை உட்கார வைக்கும்போது 'டக்' என்று சத்தம் கேட்டது, உயிரே போய்விட்டது எனக்கு. அது கொக்கி விழுகிற சத்தம்தான். திருகாணி உருண்டு காலியாகக் கிடந்த மூலைக்கு ஓடியது. தொட்டில் போடுவதாக இருந்த மூலை. முழங்காலிட்டுத் தேடி எடுத்தேன்.

ஒரு மணிக்கு பொத்தானை அமுக்கினேன். விசிறிகள் பாதி சுற்று சுற்றி நின்றுவிட்டன. மறுபடி அமுக்கினேன். மறுபடி பாதி சுற்று.

எரித்துவிட்டேன் என்று நினைத்தேன். எட்டு மாதச் சாமான். தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவனுக்கு போன் போடலாமா என்று தோன்றியது. எண்ணைக்கூட எடுத்தேன். அங்கே ராத்திரி பன்னிரண்டு. வீராப்பு எதுவும் இல்லை, போட்டிருப்பேன். கண்ணீர் மறைக்க, போனில் பட்டன் தெரியவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலிலிருந்து ஒவ்வொரு கேபிளாகத் தொட்டுப் பார்த்தேன். மேல் இடது மூலையில் புராசஸருக்குப் போகிற கேபிள் பாதிதான் இறங்கியிருந்தது. அழுத்தினேன். அமுக்கினேன். சுற்றியது. நிற்காமல் சுற்றியது. திரையில் வெள்ளை எழுத்து வந்தது.

அப்போதுதான் வாய்விட்டு அழுதேன். விமானநிலையத்தில் வராதது, ஆஸ்பத்திரியில் தைரியமாக இருக்கவேண்டும் என்று அடக்கியது, எல்லாமும் வந்தது. கதவைச் சாத்தவில்லை. யாருக்குக் கேட்டாலும் கேட்கட்டும் என்றிருந்தது. கம்ப்யூட்டர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. சத்தமே இல்லை அதற்கு.

ஜூலை 9, செவ்வாய்

பணம் அனுப்பியிருக்கிறான். "ஓடுதா?" என்று ஒரு வார்த்தை. "ஓடுது" என்று போட்டேன்.

ஆகஸ்ட் 17, சனி

சாயங்காலம் கூப்பிட்டான். அவனுக்கு விடிகாலை. கம்பளித் தொப்பி போட்டிருந்தான், ஆகஸ்டிலேயே. மெலிந்திருக்கிறான்.

"டிசம்பருக்கு வரல, டெல்."

"சரி."

"அடுத்த வருஷமும்... தெரியல."

"சரி."

"ஏதாவது சொல்லேன். திட்டவாவது செய்."

"திட்டினா உனக்கு லேசாயிடும். அதனால திட்டமாட்டேன்."

கொஞ்ச நேரம் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். அவன்தான் முதலில் கண்ணை எடுத்தான். இப்போதும் அந்த வராண்டா வருகிறது போலிருக்கிறது. அத்தனை கடல் தாண்டியும்.

நான் கெட்டவளாகவும் இருக்கிறேன். அவனுக்குத் தூக்கம் வருகிறதா என்று கேட்டிருக்கலாம். கேட்க ஆசையாகத்தான் இருந்தது.

செப்டம்பர் 1, ஞாயிறு

இன்று முதல்முறை விளையாடினேன். அரைமணி நேரம். முன்னால் போக ஆள் இல்லாமல், பின்னால் நிற்கிறவள் என்ன செய்வாள்? செத்துச் செத்து எழுந்தேன். ஒரு கட்டத்தில் கேடயத்தை நானே எடுத்துக்கொண்டேன். அதிலும் செத்தேன்.

அக்டோபர் 5, சனி

வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கும் நாள். நாங் பேசிங் காகிதத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். குடியிருப்பவர் எத்தனை பேர் என்ற இடத்தில் ஒன்று என்று எழுதினேன்.

"ரெண்டுன்னே போடுடி. டிசம்பருக்கு வந்துடுவான்ல?"

"வரமாட்டாரு, நாங்."

வெளியே யாரிடமும் இதுவரை சொன்னதில்லை. குரல் சாதாரணமாகத்தான் வந்தது. அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். மே மாதம் கொடுத்து வச்சவள் என்று குலுக்கிய கைதான், இப்போது மேசைமேல் சும்மா கிடந்தது.

"அப்ப ஒத்த ரூம் வீடு பின்னால ஒண்ணு காலியா இருக்கு. உனக்கு அது போதுமே?"

"இல்ல, நாங். ரெண்டு ரூமும் வேணும்."

ஏன் என்று அவள் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டு, பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன்.

அவள் போனபிறகு சோறு வைக்கப் போனேன். கை பழக்கத்தில் இரண்டு டம்ளர் அரிசியை அளந்து போட்டுவிட்டது. கழுவியும் ஆயிற்று. ஒன்றைத் திரும்ப எடுக்க முடியாது. இருக்கட்டும். மிச்சத்தை நாளைக் காலையில் பூண்டு போட்டு வறுத்துக்கொள்கிறேன்.